கார் பேட்டரியை வீட்லயே சார்ஜ் போடலாமா, வெடிக்குமா, ஷாக் அடிக்குமா?

கேள்விய சுருக்கி சொல்லிடறேன், படிக்கிற மத்தவங்களுக்கும் புரியும். அப்பா தஞ்சாவூர் பக்கம் ஊர்ல இருக்கார், பெட்ரோல் ஹேட்ச்பேக், ரெண்டு மாசமா வண்டிய எடுக்கவே இல்ல, இப்ப சாவி போட்டா செல்ஃப் எடுக்கல, டிக் டிக்னு சத்தம் மட்டும் வருது. பேட்டரி கடைக்கு தூக்கிட்டு போக ஆள் இல்ல. பக்கத்து வீட்டுக்காரர் "நம்ம வீட்டு இன்வெர்ட்டர்லயே மாட்டி ஏத்திடலாம்"ங்கறார். கேள்வி கேட்ட மகன் பெங்களூர்ல இருந்து ஒரு சார்ஜர் வாங்கி அனுப்பலாமான்னு யோசிக்கிறார், ஆனா யாரோ பேட்டரி வெடிக்கிற வீடியோ அனுப்பி பயமுறுத்தி வச்சிருக்காங்க.

சார்ஜர் வாங்கி அனுப்புங்க, தாராளமா வீட்லயே போடலாம். இன்வெர்ட்டர் வேண்டாம், ஏன்னு கீழ சொல்றேன். முதல்ல பயத்த சரியான இடத்துல வைக்கணும், ஏன்னா நிறைய பேர் பயப்பட வேண்டாததுக்கு பயந்துட்டு, பயப்பட வேண்டிய இடத்துல அசால்ட்டா இருக்காங்க.

ஷாக் பத்தி கேட்டீங்க. 12 வோல்ட், காஞ்ச கையால ரெண்டு டெர்மினலையும் தொட்டாலும் ஒண்ணும் தெரியாது. ஷாக் அடிக்கிற பக்கம் சார்ஜரோட பிளக் பக்கம், அங்க 230 வோல்ட் இருக்கு, ஈரத்தரை, தோல் உரிஞ்ச ஒயர், டேப் சுத்துன ஜங்ஷன் பாக்ஸ் இதெல்லாம் அங்கதான் வேலைய காட்டும். பேட்டரி பக்கத்துல ஆபத்து ரெண்டே ரெண்டு, ஒண்ணு கேஸ், இன்னொண்ணு ஷார்ட் சர்க்யூட். ரெண்டும் ஒரே இடத்துல சேர்ந்தாதான் அந்த வீடியோல பாத்த கதை.

கேஸ் எங்க இருந்து வருதுன்னா, பேட்டரி உள்ள இருக்குறது கந்தக அமிலமும் தண்ணியும். சார்ஜ் ஏறி கிட்டத்தட்ட நிறையுற நேரத்துல, சுமார் 14.4 வோல்ட்ட தாண்டும்போது, உள்ள போற கரண்ட் பிளேட்ல ஏறாம தண்ணிய பிரிக்க ஆரம்பிக்கும், ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் குமிழ் குமிழா வெளிய வரும். காத்துல 4 சதவீதம் ஹைட்ரஜன் இருந்தாலே பத்திக்கும். ஆனா இதுல ஒரு கணக்கு இருக்கு. நிறைஞ்ச பேட்டரில கூடுதலா ஒரு ஆம்பியர் ஹவர் (ஒரு ஆம்ப்ஸ் கரண்ட் ஒரு மணி நேரம் ஓடுற அளவு) ஏத்துனா, பேட்டரி உள்ள தனித்தனி அறையா இருக்குற ஆறு செல்லுக்கும் சேர்த்து சுமார் இரண்டரை லிட்டர் ஹைட்ரஜன் வரும். பத்துக்கு பத்து ரூம், பத்தடி உயரம்னா உள்ள இருக்குற காத்து 28,000 லிட்டர், அதுல 4 சதவீதம்னா ஆயிரம் லிட்டருக்கு மேல வேணும். ஒரு சின்ன கார் பேட்டரி, ஒழுங்கான சார்ஜர்ல, அந்த அளவு கேஸ் விடாது. அதனால ரூம் முழுக்க கேஸ் நிறைஞ்சு வீடே வெடிச்சிடும்னு எல்லாம் பயப்பட வேண்டாம். நிஜ ஆபத்து பேட்டரி தலைக்கு மேல ஒரு ஜாண் இடம், அப்புறம் பேட்டரி உள்ளயே அமிலத்துக்கும் மூடிக்கும் நடுவுல இருக்குற காலி இடம். அங்க கேஸ் கெட்டியா நிக்குது. அதுல ஒரு பொறி விழுந்தா பிளாஸ்டிக் பெட்டி வெடிச்சு அமிலம் மூஞ்சில தெறிக்கும். குனிஞ்சு பாத்துட்டு நிக்கிற ஆளோட கண்ணுதான் போகும். அதனாலதான் க்ளிப் மாட்டுற வரிசை, சுவிட்ச் போடுற வரிசைன்னு இவ்வளவு சொல்றது, எல்லாமே அந்த ஒரு ஜாண் இடத்துல பொறி வராம பாத்துக்கத்தான்.

ஷார்ட் சர்க்யூட் அடுத்தது. 12 வோல்ட் உங்கள ஒண்ணும் பண்ணாது, ஆனா ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு நூத்துக்கணக்கான ஆம்ப்ஸ் குடுக்கிற சாமான் அது. கையில போட்டிருக்கிற காப்பு, மோதிரம், வாட்ச் செயின் ஏதாவது ஒரு பக்கம் பிளஸ்லயும் இன்னொரு பக்கம் பாடிலயும் (வண்டியோட இரும்பு உடம்பு, மைனஸ் அதுலதான் சேர்ந்திருக்கு) பட்டா ரெண்டு மூணு செகண்ட்ல உலோகம் செவந்துடும், கழட்டறதுக்குள்ள தோல் வெந்துடும். ஸ்பானரும் அப்படித்தான். அப்பா கையில காப்பு போட்டிருந்தா முதல்ல அத கழட்டி உள்ள வச்சுட்டு வரச் சொல்லுங்க, இத நான் சும்மா ஃபார்மாலிட்டிக்கு சொல்லல.

இப்ப வேலைக்கு வருவோம். சார்ஜர் ஆர்டர் போடறதுக்கு முன்னாடி ஒரு சாதா டிஜிட்டல் மல்டிமீட்டர் வாங்குங்க, முந்நூறு நானூறு ரூபாய்க்கே கிடைக்கும், அது இல்லாம சார்ஜ் போடறது வேஸ்ட். டிசி 20 வோல்ட்ல வச்சு, வண்டி ஓடி பல மணி நேரம் ஆன பிறகு (உங்க கேஸ்ல ரெண்டு மாசம் ஆச்சு, அதனால ப்ராப்ளம் இல்ல) சிவப்ப பிளஸ்ல கருப்ப மைனஸ்ல வச்சு பாக்கணும். 12.6, 12.7 இருந்தா ஃபுல், அப்ப கோளாறு பெரும்பாலும் பேட்டரில இல்ல, டெர்மினல் லூஸா இருக்கலாம் இல்ல ஸ்டார்ட்டர் போயிருக்கலாம். 12.4 முக்கால் வாசி, 12.2 பாதி, 12.0 கால் வாசின்னு வச்சுக்கோங்க. 11.8க்கு கீழ போச்சுன்னா காலின்னு அர்த்தம். 12ங்கற நம்பர பாத்துட்டு "12 வோல்ட் பேட்டரி 12 காட்டுது, நல்லாத்தானே இருக்கு"ன்னு சொல்றவங்க நிறைய பேர், 12 காட்டுனா அது முக்கால் வாசி செத்த நிலை. இன்னொரு நம்பர் ஞாபகம் வச்சுக்கோங்க, 10.5. ஆறு செல்லும் சேர்ந்துதான் 12.6 வருது, ஒவ்வொண்ணும் 2.1. சார்ஜ் போட்டு எடுத்த பிறகும் மீட்டர் 10.5 கிட்டயே நின்னா ஒரு செல் போயிடுச்சுன்னு பொருள், அந்த பேட்டரிய எவ்வளவு நேரம் சார்ஜ் போட்டாலும் பிரயோஜனம் இல்ல, போடவும் கூடாது.

மீட்டரோட சேர்த்து கண்ணாலயும் ஒரு தடவ பாக்கணும். பேட்டரி வயிறு உப்பியிருக்கா, பெட்டில விரிசல் இருக்கா, கீழ தட்டுல ஈரமா ஏதாவது கசிஞ்சிருக்கா, இதுல ஒண்ணு இருந்தாலும் சார்ஜ் பேச்சே வேண்டாம். மேல சின்ன ரவுண்டு கண்ணாடி மாதிரி ஒண்ணு இருக்கும் மெயின்டனன்ஸ் ஃப்ரீ பேட்டரில, பச்சை தெரிஞ்சா சார்ஜ் இருக்கு, கருப்பு தெரிஞ்சா சார்ஜ் போடணும், வெளிறி கண்ணாடி கலரா இல்ல மஞ்சளா தெரிஞ்சா உள்ள தண்ணி மட்டம் இறங்கிடுச்சு, சார்ஜ் போடாதீங்க. ஆனா அந்த கண்ணு ஆறு செல்லுல ஒரே ஒரு செல்லத்தான் பாக்குது, பச்சை தெரியுதுன்னு மத்த அஞ்சும் நல்லா இருக்குன்னு நம்ப முடியாது. அப்புறம் ஸ்டிக்கர்ல என்ன எழுதியிருக்குன்னு ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. சிக்னல்ல தானா இன்ஜின் ஆஃப் ஆகி ஆன் ஆகுற வண்டியா இருந்தா ஈஎஃப்பி (EFB) இல்ல ஏஜிஎம் (AGM)னு இருக்கலாம், ரெண்டும் அந்த மாதிரி வண்டிக்குன்னு வர்ற பேட்டரி வகை, ஏஜிஎம்னா அதுக்கான மோடு உள்ள சார்ஜர்தான் வேணும், கண்டபடி வோல்டேஜ் ஏத்துனா உள்ள இருக்குற ஈரம் போயிடும், அத திரும்ப ஊத்தவும் வழி கிடையாது.

எந்த சார்ஜர்? பழைய கதைப்படி ஆம்பியர் ஹவர்ல பத்துல ஒரு பங்கு. சின்ன பெட்ரோல் வண்டில பெரும்பாலும் 35 ஆம்பியர் ஹவர் பேட்டரி, அதுக்கு மூணரை, நாலு ஆம்ப்ஸ் சார்ஜர் கரெக்டா இருக்கும். டீசல் வண்டி 60, 70ன்னு போகும், அதுக்கு 6, 7. "10 ஆம்ப்ஸ், ஃபாஸ்ட் சார்ஜிங்"னு போட்டு மலிவா விக்கிற டப்பாவ பாத்து மயங்க வேண்டாம், வேகமா ஏத்துனா சூடாகும், பிளேட்ல இருக்குற பேஸ்ட் உதிரும், ஆயுசு குறையும். வேணுங்கறது ஆட்டோமேட்டிக் சார்ஜர், அதாவது முதல்ல ஒரே கரண்டா தள்ளி, 14.4 வோல்ட் பக்கம் வந்ததும் வோல்டேஜ அங்கயே பிடிச்சு கரண்ட மெதுவா குறைச்சு, ஃபுல் ஆனதும் 13.5, 13.8னு இறங்கி சும்மா பாத்துட்டு நிக்கிற டைப். ரிவர்ஸ் போலாரிட்டி பாதுகாப்பு, அதாவது பிளஸ் மைனஸ் மாத்தி மாட்டுனா வேலையே செய்யாத வசதி, கட்டாயம் இருக்கணும், வயசானவர் கையில குடுக்கப் போறீங்க இல்லையா. பேட்டரி கடைல பாத்திருப்பீங்களே, தரையில வரிசையா பேட்டரிய அடுக்கி மூடியெல்லாம் திறந்து விட்டு ஒரு பெரிய டிரான்ஸ்ஃபார்மர் பெட்டில இருந்து ஒயர் இழுத்து மாட்டியிருப்பாங்க, அந்த மாதிரி டைப் வீட்டுக்கு வேண்டாம், அத நிறுத்த ஒரு ஆள் கூடவே இருக்கணும்.

செலவு கேக்கறவங்களுக்கு, 35 ஆம்பியர் ஹவர், 12 வோல்ட், பெருக்குனா 420 வாட் ஹவர். வீணாப் போறத சேர்த்தாலும் ஒரு யூனிட் கரண்ட் ஆகாது. சார்ஜர் இழுக்கிறது அரை ஆம்ப்ஸ் கூட வராது, வீட்டுல இருக்குற சாதா 5 ஆம்ப்ஸ் பிளக் பாயின்ட் போதும். நேரம்தான் ஆகும். காலியான 35 பேட்டரிக்கு 4 ஆம்ப்ஸ்ல பத்து பன்னெண்டு மணி நேரம், ஏன்னா முதல் முக்கால் வாசி சீக்கிரம் ஏறிடும், கடைசி கால் வாசிதான் இழுக்கும், அந்த கடைசில நிறுத்திட்டு "ஆயிடுச்சு"ன்னு எடுக்கறவங்கதான் அடுத்த வாரமே திரும்ப வந்து நிக்கிறாங்க.

இன்வெர்ட்டர் விஷயம். பக்கத்து வீட்டுக்காரர் நல்ல மனசோட சொல்றார், ஆனா அவர் வீட்டு இன்வெர்ட்டர் 150 ஆம்பியர் ஹவர் ட்யூபுலர் பேட்டரிக்குன்னு செட் பண்ணது, 10, 15 ஆம்ப்ஸ்னு தள்ளும். 35க்கு அது மூணு நாலு மடங்கு. அத விட மோசம், இன்வெர்ட்டர் பேட்டரிய கழட்டாமலே அது கூடவே கார் பேட்டரிய பிளஸ் பிளஸ் மைனஸ் மைனஸ்னு மாட்டிடுவாங்க, அப்ப ஃபுல்லா இருக்குற பெரிய பேட்டரில இருந்து காலியா இருக்குற சின்னதுக்கு கட்டுப்பாடே இல்லாம கரண்ட் பாயும், மாட்டுற அந்த செகண்ட்ல பெரிய பொறி வரும், பொறி வர்ற இடத்துலயே ஏற்கனவே கேஸ் விட்டுட்டு இருக்குற ஒரு பேட்டரி. வேற எதுவும் சொல்ல வேண்டியதில்ல. ரெண்டு பேட்டரி போட்ட 24 வோல்ட் இன்வெர்ட்டர்னா பக்கத்துலயே போகாதீங்க. அதே மாதிரி லேப்டாப் அடாப்டர் 19 வோல்ட், அத வெட்டி மாட்டுற வீடியோவும் சுத்துது, அது நிறுத்தவே நிறுத்தாது, பேட்டரி கொதிக்கும். வைஃபை ரவுட்டரோட 12 வோல்ட் அடாப்டர் நேர் எதிர், 12.7 வர வேண்டிய பேட்டரிய 12 வச்சு எப்படி நிறைப்பீங்க.

எங்க வச்சு போடறது? போர்டிகோ, கார் ஷெட், திறந்த திண்ணை, எங்க காத்து ஓடுதோ அங்க. மழை படக்கூடாது, நேர் வெயில் படக்கூடாது. நம்ம ஊர் சித்திரை வெயில்ல மத்தியானம் போடாதீங்க, சூட்டுல அதே வோல்டேஜ்லயே கேஸ் சீக்கிரம் கிளம்பிடும், சாயங்காலம் போட்டு ராத்திரி ஓட விடலாம், ஆனா முதல் தடவ போடறது மட்டும் ஆள் முழிச்சிருக்கிற பகல்ல நிழல்ல இருக்கட்டும், சார்ஜரும் பேட்டரியும் எப்படி நடந்துக்குதுன்னு ஒரு தடவ பாத்துட்டா அப்புறம் தைரியம் வந்துடும். படுக்கிற ரூம், சமையல் ரூம், சிலிண்டர் வச்ச இடம், பூஜை ரூம் பக்கம் கூடாது. ஷெட்லயே சாமி படம் மாட்டி தினம் விளக்கேத்துற வீடுன்னா அன்னைக்கு மட்டும் விளக்க வேற இடத்துல ஏத்தச் சொல்லுங்க. பக்கத்துல நின்னு பீடி சிகரெட், கொசுவர்த்தி எதுவும் வேண்டாம். அபார்ட்மென்ட்ல இருக்கறவங்க பேட்டரிய மேல தூக்கிட்டு போய் பால்கனில போடுவாங்க, அது ஓகே, ஆனா கொடியில துணி காயும்போது வேண்டாம். குமிழ் உடையும்போது கண்ணுக்குத் தெரியாத அமிலத் தூறல் பறக்கும், அப்ப துணில ஒண்ணும் தெரியாது, ரெண்டு தடவ துவைச்சதும் காட்டன் சட்டையில ஊசி குத்துன மாதிரி ஓட்டை ஓட்டையா வரும், யாரு பண்ணாங்கன்னு வீட்ல பஞ்சாயத்து நடக்கும். பேட்டரிய சிமெண்ட் தரையில வச்சா சார்ஜ் இறங்கிடும்னு பெரியவங்க சொல்றது பழைய காலத்து பெட்டிக்கு, இப்ப வர்ற பிளாஸ்டிக் பெட்டிக்கு அந்த பேச்சே இல்ல. ஆனாலும் ஒரு மரப்பலகை போடுங்க, அமிலம் சொட்டுனா தரை டைல்ஸ் தப்பிக்கும்.

வண்டில இருந்து கழட்டணுமான்னா, ஆட்டோமேட்டிக் சார்ஜர்னா கழட்டாமலே போடலாம். சாவிய எடுத்துடணும், லைட், ஏசி, டேஷ்கேம் எல்லாம் ஆஃப், பானட் திறந்தே இருக்கணும். வரிசை இப்படி: சுவர் சுவிட்ச் ஆஃப்ல இருக்கும்போதே சிவப்பு க்ளிப்ப பேட்டரி பிளஸ்ல மாட்டுங்க. கருப்பு க்ளிப்ப பேட்டரி மைனஸ்ல மாட்டாம, பேட்டரில இருந்து ஒரு ரெண்டடி தள்ளி இன்ஜின் மேலயோ பாடிலயோ பெயின்ட் இல்லாத கெட்டியான போல்ட் ஒண்ணு பாத்து மாட்டுங்க. கடைசியா மாட்டுற க்ளிப்லதான் பொறி வரும், அந்த பொறி கேஸ் நிக்கிற இடத்துல இருந்து தள்ளி வரட்டும்னுதான் இது. புது வண்டிகள்ல மைனஸ் டெர்மினல்ல ஒரு சின்ன சென்சார் உக்காந்திருக்கும், பாடில மாட்டுனாதான் எவ்வளவு ஏறுச்சுன்னு அதுக்கு கணக்கு தெரியும், அந்த வகையிலயும் பாடிதான் நல்லது. பெட்ரோல் குழாய், சுத்துற ஃபேன் பக்கமெல்லாம் மாட்டக்கூடாது. க்ளிப் ரெண்டும் ஆடாம கடிச்சிருக்கான்னு அசைச்சு பாத்துட்டு, அப்புறம்தான் சுவிட்ச் ஆன். முடிஞ்சதும் அப்படியே தலைகீழா, முதல்ல சுவிட்ச் ஆஃப், அப்புறம் கருப்பு, கடைசியா சிவப்பு. சார்ஜ் ஓடிட்டு இருக்கும்போது க்ளிப்ப பிடுங்கறதுதான் இந்த வேலையிலயே மோசமான காரியம், ஏன்னா கேஸ் ரொம்ப அதிகமா இருக்குற நேரத்துல பொறிய கொண்டு போய் வைக்கிறீங்க.

கழட்டித்தான் ஆகணும்னா, 10 நம்பர் ஸ்பானர், முதல்ல மைனஸ் கேபிள், அப்புறம் பிளஸ். மாட்டும்போது முதல்ல பிளஸ், கடைசில மைனஸ். மைனஸ் போயிட்டா பாடிக்கும் பேட்டரிக்கும் தொடர்பு அறுந்துடும், அப்புறம் பிளஸ் நட்ட கழட்டும்போது ஸ்பானர் பாடில இடிச்சாலும் ஒண்ணும் ஆகாது. வரிசைய மாத்துனா அந்த ஸ்பானரே வெல்டிங் ராடு ஆயிடும். பேட்டரிய நேரா தூக்கணும், சாய்க்கக் கூடாது, 35 பேட்டரியே பத்து கிலோ பக்கம் வரும், உங்க அப்பாவுக்கு இடுப்பு வலி ஏதாவது இருந்தா வண்டிலயே வச்சு போடறதுதான் சரி.

ஓடும்போது என்ன பாக்கணும்? முழிச்சிருக்கிற வரைக்கும் ஒரு மணி நேரத்துக்கு ஒருக்கா பெட்டி பக்கவாட்டுல புறங்கைய வச்சு பாருங்க. வெதுவெதுன்னு இருந்தா சரி, கை வைக்க முடியாத சூடுன்னா உடனே சுவர் சுவிட்ச ஆஃப் பண்ணுங்க. அழுகுன முட்டை நாத்தம் வந்தா அதுவும் அப்படித்தான், அது ஹைட்ரஜன் சல்ஃபைடு, ஓவர்சார்ஜ் ஆகுற இல்ல செல் போன பேட்டரில இருந்து வர்றது, விஷ வாயு, கிட்டப் போய் மோந்து பாக்காம தள்ளி இருக்குற சுவிட்ச ஆஃப் பண்ணிட்டு காத்தோட்டம் குடுத்து ஒதுங்கிடணும். அதனாலதான் க்ளிப்ப பிடுங்கி நிறுத்தாம சுவர்ல நிறுத்துற மாதிரி இடம் பாத்து வைக்கச் சொல்றது.

தண்ணி ஊத்துற டைப் பேட்டரியா இருந்தா இன்னும் நிறைய தெரிஞ்சுக்கலாம். கண்ணாடி போட்டுக்கிட்டு, சார்ஜ் முடியற நேரத்துல சுவிட்ச ஆஃப் பண்ணி கொஞ்சம் விட்டுட்டு, ஆறு மூடியும் திறந்து டார்ச் அடிச்சு (தீக்குச்சி கிழிச்சு பாத்த ஆளெல்லாம் இருக்காங்க, அதனாலதான் டார்ச்னு தனியா சொல்றேன்) பாத்தா, நல்ல பேட்டரின்னா ஆறு செல்லுலயும் ஒரே மாதிரி சோடா மாதிரி பொடிப்பொடியா குமிழ் ஏறிட்டு இருக்கும். ஒண்ணே ஒண்ணு மட்டும் குளத்துத் தண்ணி மாதிரி அசையாம கிடந்தா, இல்ல அமிலம் காபி டிகாஷன் கலர்ல கலங்கி இருந்தா, அந்த செல் போச்சு. ஹைட்ரோமீட்டர் (அமிலத்தோட அடர்த்திய அளக்குற கருவி) இருந்தா இன்னும் நல்லது, ஃபுல் சார்ஜ்ல 1.26, 1.28 பக்கம் எல்லா செல்லும் காட்டணும், ஒரு செல்லுக்கும் இன்னொண்ணுக்கும் 0.050க்கு மேல வித்தியாசம் வந்தா புது பேட்டரிக்கு காசு எடுத்து வைங்க.

தண்ணி ஊத்துறதுல எல்லாரும் பண்ற தப்பு, சார்ஜ் போடறதுக்கு முன்னாடியே கழுத்து வரைக்கும் ஊத்திடறது. சார்ஜ் ஏறும்போது மட்டம் உயரும், வழிஞ்சு மேல எல்லாம் அமிலம் ஓடும். முன்னாடி பிளேட் வெளிய தெரிஞ்சா மட்டும் அது மூழ்கற அளவுக்கு ஊத்துங்க, மீதிய சார்ஜ் முடிஞ்ச பிறகு மார்க் வரைக்கும் ஊத்துங்க. டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான், பெட்ரோல் பங்க்ல பேட்டரி தண்ணின்னு கேட்டா குடுப்பாங்க. ஆர்ஓ தண்ணி, போர் தண்ணி, ஏசில சொட்டுற தண்ணி எதுவும் ஆகாது. அமிலம் வாங்கி ஊத்தவே கூடாது, உள்ள குறைஞ்சது தண்ணிதான், அமிலம் அப்படியேதான் இருக்கு. மட்டம் இறங்குன பேட்டரில இன்னொரு வில்லங்கம், உள்ள காலி இடம் பெருசாகி கேஸ் அதிகமா தங்கும், அதனால தண்ணி பாக்காம சார்ஜ் போடறதுதான் வெடிக்கிறதுக்கு நேர் வழி.

அமிலம் கையில பட்டா உடனே குழாயத் திறந்து விட்டு நல்லா கழுவணும். கண்ணுல பட்டா பதினஞ்சு இருபது நிமிஷம் விடாம ஓடுற தண்ணில இமைய விரிச்சு கழுவிட்டு, கழுவுனதும் நேரா கண் டாக்டர்கிட்ட போகணும், நாளைக்கு பாக்கலாம்னு விடக்கூடாது. கண்ணுல சோடா கரைசல் அது இதுன்னு எதையும் ஊத்தாதீங்க, தண்ணி மட்டும். தரையில கொட்டுனதுக்கு ஆப்ப சோடாவ தூவுங்க, பொங்கி அடங்கும், அப்புறம் கழுவி விடலாம். டெர்மினல்ல பச்சையும் வெள்ளையுமா பூத்திருக்கிற தூளுக்கும் அதே ஆப்ப சோடா வெந்நீர்ல கரைச்சு பழைய பிரஷ் வச்சு தேய்க்கலாம், ஆனா மூடிகள் இறுக்கமா இருக்கணும், சோடா தண்ணி செல்லுக்குள்ள போனா அமிலத்தையே கெடுத்துடும். காஞ்சதும் கொஞ்சம் வாஸ்லின் தடவி விடுங்க. நிறைய வண்டில "பேட்டரி போச்சு"ன்னு சொல்றதே இந்த தூளாலதான், சுத்தம் பண்ணி நட்ட இறுக்குனா பட்டுனு ஸ்டார்ட் ஆகும்.

சார்ஜர்ல பச்சை லைட் வந்துடுச்சுன்னா எடுத்த உடனே மீட்டர் வச்சா 13 சொச்சம் காட்டும், அது மேலோட்ட சார்ஜ், நம்பாதீங்க. ஒரு ராத்திரி விட்டுட்டு பாருங்க, 12.6க்கு மேல நின்னா சந்தோஷம். அப்புறம் ஒருத்தர் சாவி திருப்ப இன்னொருத்தர் மீட்டர பிடிச்சு, செல்ஃப் அடிக்கிற அந்த ரெண்டு செகண்ட்ல எவ்வளவு இறங்குதுன்னு பாக்கணும், 9.6க்கு கீழ போனா பேட்டரிக்கு வயசாயிடுச்சு. இன்ஜின் ஓடும்போது 13.8ல இருந்து 14.4 வரைக்கும் வரணும், 12.5லயே நின்னா பெரும்பாலும் ஆல்டர்னேட்டர், நம்ம மெக்கானிக் பாஷையில டைனமோ, அங்க கோளாறு, பேட்டரிய மாத்தி பிரயோஜனம் இல்ல. சில புது வண்டிகள்ல மைலேஜுக்காக ஆல்டர்னேட்டரே கூட்டி குறைச்சு விளையாடும், அதனால ஹெட்லைட் போட்டு கொஞ்ச நேரம் பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

ரெண்டு மாசம் சும்மா கிடந்து காலியான பேட்டரி பத்தி உண்மைய சொல்லிடறேன். காலியா இருக்குற நேரத்துல பிளேட்ல சல்ஃபேட் படிஞ்சு கல்லு மாதிரி இறுகிடும், சார்ஜ் போட்டா கொஞ்சம் கரையும், எல்லாம் கரையாது. மூணு வயசுக்குள்ள இருக்குற பேட்டரின்னா முக்கால் வாசி மீண்டு வர வாய்ப்பு இருக்கு, அஞ்சு வயசு ஆச்சுன்னா சார்ஜர் காசுக்கு பதிலா பேட்டரி வாங்குறதே மேல். ரொம்ப கீழ, மூணு நாலு வோல்ட்னு போயிருந்தா ஆட்டோமேட்டிக் சார்ஜர் "பேட்டரியே இல்ல"ன்னு நினைச்சு ஓடாது. அப்ப இன்னொரு பேட்டரிய கூட மாட்டி ஏமாத்துற வித்தையெல்லாம் வீட்ல வேண்டாம், கடைக்கு ஆள் அனுப்பிடுங்க.

வண்டி நின்னா ஏன் இறங்குதுன்னா, சாவி எடுத்தாலும் லாக், அலாரம், கம்ப்யூட்டர்னு 20ல இருந்து 50 மில்லி ஆம்ப்ஸ் போயிட்டே இருக்கும். 50னே வச்சா ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் ஹவர், ரெண்டு வாரத்துல 35ல பாதி காலி. வெளிய மாட்டுன ஜிபிஎஸ், டேஷ்கேம், பெரிய ஸ்டீரியோ இருந்தா இன்னும் சீக்கிரம். வாரம் ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் நிறுத்தி வைக்கிறது பெரும்பாலான வீடுகள்ல நடக்குற சடங்கு. ஸ்டார்ட் பண்றதுக்கு செலவாகுறது ரொம்ப கம்மி, அத அஞ்சு நிமிஷத்துல ஈடு கட்டிடும், ஆனா அந்த வாரம் முழுக்க கசிஞ்ச எட்டு ஆம்பியர் ஹவர் அஞ்சு நிமிஷ ஐடில்ல எப்படி திரும்ப வரும்? அரை மணி முக்கால் மணி ரோட்ல ஓட்டுனாதான் ஏதாவது ஏறும். மூடுன ஷெட்டுக்குள்ள இன்ஜின ஓட விடறது இன்னும் தப்பு, கார்பன் மோனாக்சைடு ஆளையே முடிச்சிடும், நாத்தம் கூட தெரியாது. ஜம்ப் கேபிள் போட்டு ஸ்டார்ட் பண்ணிட்டா சார்ஜ் ஆயிடும்னு நினைக்கிறதும் இதே கணக்குதான், அது வண்டிய கிளப்ப மட்டும், அதோட காலி பேட்டரிய ஆல்டர்னேட்டர் தலையில கட்டுனா அது சூடாகி அதுக்கும் செலவு வரும்.

உங்க அப்பாவுக்கு சுலபமான வழி ரெண்டு. ஷெட்ல பிளக் பாயின்ட் இருந்தா மாசத்துக்கு ஒரு ராத்திரி சார்ஜர மாட்டி விடச் சொல்லுங்க. கரண்ட் கட் ஆகி வந்தா சில சார்ஜர் தானா ஆரம்பிக்காது, காலைல லைட்ட ஒரு தடவ பாத்துக்கணும். பிளக் இல்லன்னா ஊருக்கு கிளம்பும்போது மைனஸ் கேபிள மட்டும் கழட்டி ஒரு துணில சுத்தி ஓரமா வைக்கச் சொல்லுங்க, கடிகாரமும் ரேடியோ ஸ்டேஷனும் அழியும், பவர் விண்டோவ ஒரு தடவ மேல கீழ விட்டு செட் பண்ண வேண்டியிருக்கும், அவ்வளவுதான். ரிமோட் வேலை செய்யாது, அதனால கதவ சாவி போட்டு பூட்டற மாதிரி பாத்துக்கிட்டு பானட்ட மூடுங்க, டிக்கி பட்டன்ல திறக்கிற வண்டின்னா அதுக்குள்ள தேவையான எதையும் வைக்காதீங்க.

எலக்ட்ரிக் கார் வச்சிருக்கிற ஒருத்தர் நமக்கு இது இல்லன்னு சொன்னார், அதுலயும் தனியா ஒரு 12 வோல்ட் பேட்டரி உண்டு, அது இறங்குனா பெரிய பேட்டரில எவ்வளவு சார்ஜ் இருந்தாலும் வண்டி முழிக்காது. அதுக்கு சார்ஜர் போடறதுக்கு முன்னாடி அந்த வண்டியோட மேனுவல படிங்க, சிலதுல 12 வோல்ட் பேட்டரியே லித்தியம், சாதா லெட் ஆசிட் சார்ஜர அதுல மாட்டக்கூடாது. ஆரஞ்சு கலர் கேபிள் பக்கம் கையே போகக் கூடாது.

சார்ஜ் போட்டும் தேறலன்னா பழைய பேட்டரிய இரும்புக்கடையில உடைக்க குடுத்துடாதீங்க, உள்ள இருக்குறது ஈயமும் அமிலமும். புதுசு வாங்குற கடையிலயே எக்ஸ்சேஞ்ச்ல எடுத்துப்பாங்க, விலையில கொஞ்சம் குறையும். வாரன்டி கார்டு எங்கயாவது இருக்கான்னு அதுக்கு முன்னாடி ஒரு தடவ டேஷ்போர்டு பெட்டிய துழாவச் சொல்லுங்க, பேட்டரி மேல வாங்குன மாசம் பஞ்ச் பண்ணியிருக்கும், வாரன்டி மீதி இருந்தா ஃப்ரீயா மாத்தி தருவாங்க, இல்ல மீதி மாசத்துக்கு ஏத்த மாதிரி விலைய கழிப்பாங்க. ஆனா காலியாக விட்ட பேட்டரிய முதல்ல சார்ஜ் போட்டு டெஸ்ட் பண்ணிட்டுதான் க்ளெய்ம் எடுப்பாங்க, அதனால ஒரு நாள் ரெண்டு நாள் கடையில விடற மாதிரி இருக்கும்.